லைட்டைப் போடுக்கா

நான் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடும் படமெல்லாம் இருட்டாகத்தான் இருக்கும். தம்பி கீழே, "லைட்டைப் போடுக்கா" என்று எழுதுவான். அவன் இறந்த பிறகும், அவன் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும்படி அந்த வெட்கங்கெட்ட தளம் என்னை நச்சரித்தது. பொறுக்காமல் என் பழைய கணக்கை அழித்தேன்.

நாங்கள் மட்டும் படம் போட்டுப் பார்க்கும் தளம் ஒன்றை நடத்த, கணவர் தம்பியின் அறையில் ஒரு சின்ன சர்வரை வைத்தார். "இனி எந்தக் கம்பெனியும் இல்ல. சொந்த வீடு மாதிரி, நாம ரெண்டு பேர்தான்."

"அவன் எழுதின கமென்ட்லாம்?"

"அது வராதும்மா."

முதல் படமாக அவனுடைய காலிக் கட்டிலைப் போட்டேன். உறுப்பினர்கள் மூன்று பேர் என்று காட்டியது. ஏதோ கோளாறு என்று கணவர் தேடிக்கொண்டிருந்தபோதே படத்துக்குக் கீழே ஒரு வரி வந்தது.

எழுந்து போய் அந்த அறை விளக்கைப் போட்டேன். கரண்ட் பில்லுக்குப் புலம்புகிற கணவர்கூட இன்றுவரை அதை அணைக்கவில்லை.