அசராத பிள்ளை

"அம்புட்டுப் பெரிய சரம் வெடிச்சு ஓயுது, ஒம் மகன் கண்ணைத் தொறந்து பாக்கலையே. அசல் பட்டாசுக்காரன் மகன்தான்டி" என்று சொல்லிக்கொண்டே தொட்டிலை ஆட்டினாள் செல்லக்கனி.

பொன்னுத்தங்கம் சிரிக்கவில்லை. சீசன் நெருங்கினால் எம். புதுப்பட்டியில் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கை ஊர்க்கோடிப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். மற்ற வீட்டுக் கைப்பிள்ளைகள் வீறிட்டு அழும். நாலு மாதத்து எழில் மட்டும் வாயைத் திறந்தபடி தூங்குவான். தெருவே அதைப் பெருமையாகப் பேசியது. அவள்தான் ஒவ்வொரு வெடிக்கும் ஓடிப்போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

செல்லக்கனி அவள் கணவன் பாண்டியின் அக்கா. போன சீசனில் கம்பெனியில் நடந்த விபத்தில் பாண்டி போய்ச் சேர்ந்த பிறகு, துணைக்கென்று வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள்.

"மதினி, ஒன்னு சொன்னா வைய மாட்டீகளே?"

"சொல்லு."

"இவனுக்குக் காது கேக்கலையோன்னு பயமா இருக்கு. அன்னைக்கு நானும் அங்கனதான வேலை பாத்தேன். இவன் வயித்துல இருந்தான். அந்தச் சத்தம் இவன் காதையும் கொண்டுபோயிருச்சோ?"

செல்லக்கனி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"கோட்டி மாதிரிப் பேசாத. நீ கடைசி ரூம்ல இருந்த, ஒனக்கு ஒன்னும் ஆகல. கம்பெனி மரத்தடியில வெளையாடிக்கிட்டு இருந்த சினேகாவை ஒரு கீறல் இல்லாமத் தூக்கியாந்து குடுத்தாக. வயித்துக்குள்ள கெடந்தவனுக்கு என்ன ஆயிருக்கப் போகுது?"

அந்த நேரம் பார்த்து, தொட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சினேகா, மடியில் கிடந்த நாய்க்கு உரத்த குரலில் கதை சொல்ல ஆரம்பித்தாள். எழிலுக்கு மூத்தவள், ஐந்து வயதுப் பிள்ளை. அப்பா போனதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. தம்பி பிறந்த பிறகு அதுவும் குறைந்து, பேச்சுத்துணைக்கு அந்தச் செவலை நாய் மட்டும்தான். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் நாய் எதற்கு, கம்பெனி வாட்ச்மேனிடம் விட்டுவிடலாம் என்று செல்லக்கனி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். பொன்னுத்தங்கத்துக்கு மனசு வரவில்லை.

தம்பி தூங்குகிறான், மெதுவாகப் பேசு என்று இரண்டு தரம் சொன்னாள். சினேகா இன்னும் சத்தமாகப் பேசினாள். பொன்னுத்தங்கம் எழுந்து போய் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பி, எதற்கு அடி விழுந்தது என்றே தெரியாதவள் போல அம்மாவின் முகத்தையே பார்த்தது.

"நடிப்பைப் பாரேன்" என்றாள் செல்லக்கனி. "ஒம் மடி போச்சுல்ல, அந்தப் பொறாமை. வேணும்னேதான் தொட்டில் பக்கத்துல வந்து கத்துறா."

இத்தனைக்கும் எழில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் பொன்னுத்தங்கம் முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் விருதுநகருக்குக் காது டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். சினேகா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொன்னுத்தங்கம் வாசலில் நின்று கத்தினாள். செவலைதான் முதலில் எழுந்து ஓடி வந்தது. அது போவதைப் பார்த்துவிட்டுச் சினேகாவும் பின்னாலேயே வந்தாள்.

"நாய்க்கு இருக்கிற மதிப்புக்கூட ஒங்கிட்ட எனக்கு இல்லையே" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள் பொன்னுத்தங்கம்.

காது டாக்டருக்கு வயதானவர்களிடம் இருக்கும் நிதானம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டார். வெடிவிபத்து என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எழில் பால் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவனை அம்மாவின் மடியில் உட்கார வைக்கச் சொன்னார். பிறகு பின்பக்கமாக வந்து ஒரு சின்ன மணியை அடித்தார்.

எழிலின் கண்கள் மணி இருந்த பக்கம் போயின. மறுபக்கம் அடித்தார். தலையே திரும்பியது. இன்னும் மெதுவாக அடித்துப் பார்த்தார். அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குதும்மா. வயித்துல இருக்கும்போதே வெடிச்சத்தம் கேட்டுப் பழகின பிள்ளை, அதான் அசராமத் தூங்குறான். பயப்படாம வீட்டுக்குப் போங்க."

பொன்னுத்தங்கம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாண்டி செத்த பிறகு அவள் நிம்மதியாக அழுதது அன்றுதான். நான் அப்பவே சொன்னேன் என்று செல்லக்கனி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

சினேகா ஜன்னலோரம் நின்று தெருவில் போகிற வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினேகா, இங்க வா. தம்பிக்கு நல்லாக் காது கேக்குதாம்" என்று பொன்னுத்தங்கம் ஆசையாகக் கூப்பிட்டாள்.

சினேகா திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"தம்பி பொறந்ததுல இருந்தே இப்படித்தான் டாக்டர், ஒரே வீம்பு" என்றாள் செல்லக்கனி.

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, இழுத்து வருவதற்காகப் பொன்னுத்தங்கம் கோபத்தோடு எழுந்தாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மணியை எடுத்துக்கொண்டு போய்ச் சினேகாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, பலமாக அடித்தார்.

எழில் திரும்பிப் பார்த்தான். சினேகா பார்க்கவில்லை.