சிவப்பு மூடி டப்பா

என் மனைவி பூங்கோதை இன்னொருவனுக்குச் சாப்பாடு கட்டுகிறாள் என்பது திங்கட்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் பையில், சாப்பாட்டுக்கு அடியில், சிவப்பு மூடி போட்ட ஒரு டப்பா இருந்தது. திறந்தேன். முருங்கைக்கீரைப் பொரியல், முளைகட்டிய பயறு, இரண்டு முட்டை. எங்கள் வீட்டில் முட்டை எனக்கும் பையனுக்கும் வாங்குவது. எனக்கே ஒன்றுதான் வைப்பாள்!

“இது ஆருக்கு?”

சற்றுத் தடுமாறினாள். “கம்பெனியில கூட வேலை செய்யறவங்களுக்குங்க. ரத்தம் ரொம்பக் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாராம். பாவமுங்க.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“நேரமாச்சுங்க” என்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அன்று நான் வெட்டிய பனியன் துணியெல்லாம் கோணல். யார் அவன்? அயர்ன் மாஸ்டரா? சூப்பர்வைசரா? இங்கே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அவனுக்குக் கம்மியாம்!

மறுநாள் மதியம் வேலம்பாளையத்தில் அவள் கம்பெனிக்கே போய்விட்டேன். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளை மட்டும் காணோம்.

“பூங்கோதை அக்காங்களா? அவங்க தெனமும் அந்த வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால போயிருவாங்க” என்றாள் ஒரு பெண்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டைகளைச் சுற்றிப் போனேன்.

பூங்கோதை தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் சிவப்பு மூடி கிடந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த பாதி முட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“தப்புத்தானுங்க. இனி எடுக்கமாட்டனுங்க.”