பகல் காட்சி

"நீ போயிட்டா இந்த வீடு எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?" மூடிய அறைக்குள்ளிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"யோசிச்சேன்" என்றாள் மாமியார். "இப்பவும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளுக்குக் கை நின்றுவிட்டது. அறைக்குள் மாமியாரைத் தவிர யாரும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய காதல் படம்.

தினமும் சாப்பாடு முடிந்ததும் அதே படம்தான். காதலி கேட்கிற கேள்விக்கெல்லாம், காதலன் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொல்லிவிடுவாள்.

மருமகள் ஓசைப்படாமல் கதவை விரல் கனத்துக்குத் திறந்து பார்த்தாள். டிவியின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. படம் தெரியவில்லை, குரல் மட்டும் துண்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. மாமியார் அதன் எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கணவன் வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"அந்த ஹீரோ மேல அம்மாவுக்கு ஒரு கண்ணு. எந்தப் பொண்ணுக்குத்தான் இல்லாம இருந்துச்சு? கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போனாங்க. கல்யாணம் ஆன வருஷம் வந்த படம் இது. பக்கத்துல அப்பா போட்டோ மாட்டியிருக்கில்ல, அதான் வெட்கம். மூடி வச்சுப் பார்க்கறாங்க."

"மூடி வச்சா எப்படிங்க பார்க்க முடியும்?"

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே குளியலறைக்குப் போய்விட்டான்.

மருமகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அந்தப் படத்தின் கதாநாயகிக்கு இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. முடிக்குச் சாயம் போட அங்கேதான் வருவாள். ஒருநாள் சாயம் காய்கிற நேரத்தில் மருமகள் மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

நடிகைக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "எனக்கு இன்னும் ஒரு ரசிகை மிச்சம் இருக்காங்களா? நானே வந்து பார்க்கறேன். நேர்ல பார்த்தா இந்தக் கிறுக்கெல்லாம் சரியாயிடும்."

அடுத்த விடுமுறை நாளில், மத்தியானம், சொன்னபடியே வந்து நின்றாள். அறைக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் கதவைத் தட்ட, மாமியார் புடவையைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள்.

"அத்தை, இவங்க யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன. அந்தப் படத்துல நடிச்சவங்க. உட்காருங்க." குரலில் ஒரு பரபரப்பும் இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட இதைவிட ஆர்வமாக வரவேற்றிருப்பாள். மருமகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நடிகை அறைப்பக்கம் காதைச் சாய்த்தாள். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று உள்ளே குரல் கெஞ்சியது.

"இந்த இடத்துல தியேட்டரே அழுதுச்சுக்கா" என்றாள். அவளுடைய சொந்தக் குரல் கரகரத்தது. "எனக்கும் ஹீரோவுக்கும் நிஜமாவே காதல்னு பத்திரிகைக்காரங்க எழுதித் தள்ளினாங்க. எனக்கா, அந்த ஆள் மூஞ்சியைக் கண்டாலே ஆகாது. முகம் மட்டும்தான் என்னுது. குரல் டப்பிங், வேற ஒருத்தங்க பேசினது."

"தெரியும்" என்றாள் மாமியார். பிறகு முந்தானையின் நூல் ஒன்றை இழுத்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"போயிட்டாங்களே. போன மழைக்காலத்துல. உங்களுக்குத் தெரியாதா?"

மாமியாரின் விரலில் நூல் அப்படியே நின்றது. "நான் இங்கதான் இருப்பேன். நீ எப்ப வந்தாலும் இருப்பேன்" என்றது உள்ளிருந்து குரல். அன்றைக்குத்தான் முதல்முறையாக மாமியார் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நூலை விட்டுவிட்டு, "கடைசில கூட யாரு இருந்தா?" என்றாள்.

"யாரும் இல்லக்கா. கல்யாணமே பண்ணிக்கல. ரெண்டு நாள் கழிச்சுதான் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே தெரிஞ்சுதாம்." நடிகை பெருமூச்சு விட்டாள். "டப்பிங்ல டைரக்டர் கத்துவார், 'ஹீரோவை நினைச்சுப் பேசும்மா'ன்னு. உதடு பொருந்தணுமேன்னு திரையைப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். மனசு வேற எங்கயோ இருக்கும். பேசி முடிச்சதும் ஓரமா நின்னு அழுவாங்க."

மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "பாவம். யாரை நினைச்சு?"

"யாரோ ஒருத்தன். உயிருக்கு உயிரா பழகிட்டு, வீட்டுல பார்த்த இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டானாம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையாம். எத்தனையோ தடவை கேட்டோம், பேரைச் சொல்லவே இல்ல. போனவன் நல்லா இருக்கட்டும்னு நாங்க யாராவது நினைப்போமா? நாங்க அவனைத் திட்டினாக்கூட அவங்க எழுந்து போயிடுவாங்க."

"இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்" என்றாள் மருமகள்.

மாமியார் தலை நிமிர்ந்து முதலில் மருமகளைப் பார்த்தாள், பிறகு நடிகையை.

"போனவன் இல்லம்மா, போனவ" என்றாள். "நான்தான்."