நூபியா வாங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர்

கொலம்பியாவின் மெதெயின் நகரத்துப் பழைய ரேடியோக் கடையில் மதிய வெயில் கம்பிக்கதவு வழியே நுழைந்து தரையில் கோடு போட்டிருக்கிறது. மேசைமேல் பெரிதும் சிறிதுமாக இரண்டு வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் சூடேறி நிற்கின்றன. கண்ணாடிக் குழல்களுக்குள் ஆரஞ்சு வெளிச்சம். பஸ் ஓட்டும் நூபியா, சீருடையோடு வந்திருக்கிறாள். விவாகரத்தான கணவன் வீட்டு ஸ்டீரியோவைத் தூக்கிக்கொண்டு போனபோது, “உனக்கெல்லாம் காதே கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனான். கடைக்காரர் லிபார்தோ கூட வந்திருக்கும் அவள் தம்பியிடமே பேசுகிறார். “பெருசுல பவர் ஜாஸ்தி சார். அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

“வாங்குறது நான். என்கிட்ட பேசுங்க.”

கொண்டுவந்த பொலேரோ காதல்பாட்டு இசைத்தட்டை அவளே சுழலவிடுகிறாள். பெரியதில் பாட்டு தெருவரை அதிர்கிறது. சின்னதில், பாடுகிறவள் வரிக்கு முன் மூச்சிழுப்பது கேட்கிறது. நூபியாவின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடிக்கின்றன.

“இதுதான்.”

“அக்கா, இத்துனூண்டு டப்பாவான்னு மாமா பார்த்தா சிரிப்பாரு.”

“அவன் எதுக்குடா என் வீட்டுக்கு வர்றான்?”

பாட்டு முடிகிறது. லிபார்தோ ஆம்ப்ளிஃபையரை அணைக்கக் கை நீட்டுகிறார்.

“கையை எடுங்க. அந்தப் பக்கமும் கேக்கணும்” என்று தட்டைத் திருப்பிப் போடுகிறாள் நூபியா.