மாற்றப்பட்ட கேப்டன்

ரிலீசுக்கு முன் அமெரிக்காவின் பர்பாங்க் நகரத் தியேட்டரில் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டிய விண்வெளிப் படம் முடிந்தது. கருத்து எழுத அட்டை கொடுத்தார்கள். டுவேன் ஆத்திரமாக எழுதித் தள்ளினார். மடியில் அந்தப் படத்தின் மூல நாவல், பழுப்பேறிப் போயிருந்தது.

"அநியாயத்த பாத்தீங்களா மேடம்? நாவல்ல கேப்டன் ஆம்பளை. இவனுங்க பொம்பளையாக்கிட்டானுங்க!" என்று பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் பொருமினார். அந்தப் பெண்மணிக்கு எண்பது வயதிருக்கும்.

"படம் பிடிக்கலையா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. எழுதினவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆர். ஜே. ஹாலோவே மட்டும் இதைப் பாத்தா, மனுஷன் இவனுங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்!"

பெண்மணி சிரித்தபடி தன் அட்டையை நீட்டினார். "இதையும் சேர்த்துக் குடுத்துடறீங்களா? எனக்குப் படி இறங்க நேரமாகும்."

டுவேனின் கண் அதில் ஓடியது.

'டைரக்டருக்கு, நான் எழுதியபோது கேப்டன் பெண்தான். விற்காது என்று பதிப்பாளர் ஆணாக்கிவிட்டார். என் பெயரையும் இனிஷியலாகச் சுருக்கிவிட்டார். என் கைப்பிரதியைத் தேடிப்பிடித்து, ஐம்பது வருடம் கழித்து அவளைத் திருப்பித் தந்தீர்கள். நன்றி. – ரோசலிண்ட் ஜூன் ஹாலோவே.'

டுவேன் தன் அட்டையைக் கிழித்தார். நாவலை அவரிடம் நீட்டினார்.

"ஒரு கையெழுத்து போடுங்க மேடம். முழுப் பேரா போடுங்க."