நாகூர் கனியின் வண்டி

"தங்கச்சி வேணுமா, வண்டி வேணுமா? இன்னிக்கே சொல்லிடுங்க மச்சான்."

ஜலாலுதீன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசினால்தான் மனிதருக்கு உண்மையான கோபம் என்பது கீழக்கரையில் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் வாழும் அவருடைய தங்கை உம்மு சல்மாவின் கணவர் நாகூர் கனிக்கும் தெரியும். கட்டுப்போட்ட இடக்கையை வலக்கையால் தாங்கிக்கொண்டு, கனி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிராங்கூன் சாலையில் கனியின் துணிக்கடைக்குப் பின்பக்கம்தான் வீடு. முற்றத்தில் அந்த வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒற்றை மட்டக்குதிரை இழுக்கிற, இலேசான இரண்டு சக்கர வண்டி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் ஏழு வருடங்களுக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கும்போதே அது கிழட்டு வண்டி.

சரக்கு ஏற்ற அது உதவாது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கனி மனைவியைப் பின்னால் பச்சைத் திரைக்குள் உட்கார வைத்துக்கொண்டு காத்தோங்கில் இருக்கும் தன் தென்னந்தோப்புக்குக் கிளம்புவார். ஆள் நடமாட்டமில்லாத தோப்பு. உள்ளே மணல் பாதையில் வண்டி நாலு சுற்று பறக்கும். பொழுது சாய்வதற்குள் இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இந்தக் கூத்துக்குத்தான் அந்த வண்டி.

போன மாதம் அந்தப் பாதையில்தான் அது குடை சாய்ந்தது. கனிக்குக் கை முறிந்தது. உம்மு சல்மாவுக்குப் புருவத்துக்கு மேலே நான்கு தையல். ஊரிலிருந்து வந்து கப்பலை விட்டு இறங்கிய அன்றே ஜலாலுதீன் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டார். தாயும் தகப்பனும் போன பிறகு அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அவள்.

"என் தப்புதான் மச்சான்" என்று கனி அன்றைக்கே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டவர் வண்டியைத் தலைமுழுக வேண்டாமா? பழுது பார்க்க ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்கிறார்! ஜலாலுதீன் அதற்குமேல் பொறுக்கவில்லை. வண்டியை வாங்க ஓர் ஆளைத் தாமே போய்ப் பிடித்துவந்துவிட்டார்.

வந்தவர் துரைசாமி. வாடகைக் குதிரை வண்டிகள் ஆறு வைத்து ஓட்டுகிறவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கனியிடம் சொன்னார்.

"அச்சு வளைஞ்சு போச்சு. ஏர்க்கால்ல விரிசல். கால் பலகைய வேற ஒரு சாண் மேல தூக்கி அடிச்சிருக்கீங்க, ஒங்க ஒசரத்துக்கு முட்டி இடிக்குமே மரைக்காயரே! வண்டியா எடுத்தா தேறாது. சக்கரம் ரெண்டும் நல்லாருக்கு. அதுக்காக வாங்கிக்கிறேன், இப்பவே கழட்டிடலாம்."

கழட்டிடலாம் என்றதும் கனியின் முகம் வெளுத்துவிட்டது. உள்வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

"ரெண்டு நிமிசம் மச்சான். உள்ள ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்."

பெண்டாட்டியிடம் இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஜலாலுதீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். தங்கச்சி நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் மனுசன் வழிக்கு வந்துவிடுவார்.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நீண்டது. யாரோ அழுகிற சத்தம். கனி திரும்பி வந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"விக்கல மச்சான். நாளைக்கு ஆசாரி வந்து பாக்கட்டும்."

துரைசாமி இந்த வீட்டு வழக்கு நமக்கெதற்கு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார். கட்டிய மனைவி அழுதும் இரங்காத இந்தக் கல்நெஞ்சனுக்கா தங்கச்சியைக் கொடுத்தோம் என்று ஜலாலுதீன் நொந்துகொண்டார்.

"உம்மு!" என்றார், அதே தாழ்ந்த குரலில். "பெட்டியக் கட்டு. வியாழக்கிழமக் கப்பல்ல நீயும் என்கூட வர்றே."

"மச்சான், ஒங்களக் கையெடுத்துக் கேக்குறேன். அவளக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவ இல்லாம இந்த வீட்டுல நான் எப்புடி இருப்பேன்?"

"அப்ப வண்டிய வித்துருங்க. துரைசாமி இன்னும் தெரு முக்குதான் தாண்டியிருப்பாரு. கூப்புடவா?"

கனி வண்டியைப் பார்த்தார். உள்வாசலைப் பார்த்தார்.

"அது மட்டும் முடியாது மச்சான்."

ஜலாலுதீன் உள்வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உம்மு சல்மாவே வந்து நின்றாள். தலையில் முக்காடு. கையில் பெட்டி இல்லை.

"சல்மா, வேணாம்" என்று கனி பதறினார். "நான் பாத்துக்கிறேன், நீ உள்ள போ."

"என்னத்த வேணாங்குறாரு?" ஜலாலுதீனின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "வண்டியக் கவுத்து ஒன் மண்டைய ஒடச்ச மனுசன் இவரு. இவருக்கா நீ இன்னமும் பரிஞ்சுக்கிட்டு வர்றே?"

உம்மு சல்மா கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அண்ணன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"கவுத்தது நான் காக்கா. ஏழு வருசமா தோப்புக்குள்ள வண்டி ஓட்டுறதே நான்தான்!"