ஏழால் வகுபடுமா?

"தூங்கிறாதீங்கப்பா! கண்ணைத் தொறங்க!"

அருள்மொழி அப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். ஆம்புலன்ஸ் கொல்லிமலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. இன்னும் அறுபத்தொன்பது பாக்கி.

மிளகு பறிக்க ஏறிய ஏணி சறுக்கி, மாணிக்கம் வாத்தியாருக்குத் தலையில் அடி.

"அடிவாரம் போற வரைக்கும் பேச்சுக் கொடுத்துட்டே இருங்க. மயங்க விட்டுறாதீங்க," என்றாள் உடன் வந்த நர்ஸ் கௌசிகா.

பேச்சா? அப்பாவும் மகளும் பேசி மூன்று வருடமாயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் அவள் தோற்ற அன்று, "கணக்கு வாத்தியார் பொண்ணுன்னு வெளியே சொல்லிக்காதே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு அவள் வாய்க்குப் பூட்டு. சோறு போடுவாள், பேச மாட்டாள்.

இப்போது என்னத்தைப் பேசுவது? அவருக்குப் பிடித்தது கணக்கு. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பெரிய எண் ஒன்றே ஒன்றுதான், அந்தப் பரீட்சை நம்பர்.

"அப்பா, 2417387 பகா எண்ணா?"

இமை திறந்தது. "கடைசியில ஏழு. ரெண்டாலயும் அஞ்சாலயும் வகுபடாது. இலக்கமெல்லாம் கூட்டினா முப்பத்திரண்டு. மூணாலயும் இல்ல."

"ஏழால?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். வகுபட்டால் கேள்வி முடிந்தது. அப்புறம் எதைச் சொல்லி இவரை விழிக்க வைப்பாள்?

"இல்ல கண்ணு," என்றார் கடைசியில். "அடுத்தது கேளு."

வளைவுக்கு ஓர் எண். பதினொன்று, இல்லை. பதின்மூன்று, இல்லை. நாற்பத்தேழுக்கு வந்தபோது அவர் குரல் தேய்ந்து, தலை சாய்ந்தது.

"அப்பா! அம்பத்தொண்ணு?" என்று அலறினாள்.

"அது பகா எண்ணே இல்ல. மூணு பதினேழு. அம்பத்திமூணு கேளு."

அந்த அதட்டலில் அவளுக்கு உயிர் வந்தது. எழுபதாவது வளைவு வரை விடாமல் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "பயமில்லைம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிலருகே செல்போனைத் தட்டிக்கொண்டிருந்த கௌசிகா நிமிர்ந்தாள். "ஏனுங்க, அந்த நம்பர் ஏழால வகுபடுதுங்களே! மீதியே இல்லீங்க!"

அருள்மொழிக்குப் பகீரென்றது. ஏழாம் வாய்ப்பாட்டில் அப்பா தப்பு விடுவதா? மூளையில்தான் ஏதோ ஆகிவிட்டதோ?

"அப்பா," என்று அவர் கையைப் பிடித்தாள். "ஏழால வகுபடுதாமே!"

"தெரியும் சாமி. ரிசல்ட் வந்த அன்னிக்கே வகுத்துப் பார்த்துட்டேன்." மாணிக்கம் அவள் கையை விடவில்லை. "வகுபடும்னு சொல்லியிருந்தா, நீ என்கூடப் பேசறத நிறுத்தியிருப்பியே!"